கடைசிப் பாறைக்குப் போன சோறு

புத்தக மேஜர் மறுபடியும் வருகிறார் என்று போன் வந்த நாளிலிருந்து கரண்டியாருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஆளே தட்டை ஒதுக்கினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? விடாத மழையில் வயிறு மந்தம் என்றார் எதிர்ச்சாரி சலவைக்கடைக்காரர். மதியம் சாப்பிட வரும் லாரி டிரைவர்கள், பட்டாளத்துப் புத்தகத்தில் படம் வரப்போகிற பூரிப்பு, இனிமேல் நம்மையெல்லாம் எங்கே கண்டுகொள்ளப் போகிறார் என்று கேலி பண்ணினார்கள். அவரும் பல்லைக் காட்டி வைத்தார். வேறு என்ன செய்வது?

கரண்டி என்பது பட்டாளம் வைத்த பேர். பதினெட்டு வயதில் சமையல் ஆளாகச் சேர்ந்து, இருபத்தஞ்சு வருசம் ஒரே பட்டாளத்துக்குச் சோறு வடித்துவிட்டு வந்தார். வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சைப் போட்டுக் கடை ஆரம்பித்து, தலையும் நரைத்த பிறகு, ஜனங்கள் மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்துக் கரண்டியார் ஆக்கினார்கள். கடையில் வேலையாள் என்று இரண்டே பேர். அவரும் வீட்டம்மாவும். விடிவதற்கு முன்னால் உலை ஏறும். அவள் காய் நறுக்க, அவர் பருப்பைக் கடைய, மழை நாளில் ஈரப் புகை சுவரெல்லாம் படிய, பத்து மணிக்குள் அறுபது பேர் சாப்பாடு தயாராகிவிடும்.

கடைசி ஆள் எழுந்து கை கழுவுகிற வரைக்கும் கரண்டியார் ஒரு பருக்கை வாயில் போட மாட்டார். அண்டா, குண்டான், தூக்குவாளி எதுவானாலும் அவர்தான் கழுவுவார், அவளைத் தொட விடமாட்டார். பட்டாளத்து ஒழுக்கம்னா இப்படியில்ல இருக்கணும் என்று ஊரே சொல்லும். வீட்டம்மாவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்காது. அவருக்கோ ஒவ்வொரு தடவையும் முதுகில் யாரோ அடித்த மாதிரி இருக்கும்.

அந்தப் பட்டாளத்துக்கு இந்த வருசத்தோடு இருநூறு வயது. எத்தனையோ அரசாங்கம் மாறிவிட்டது, கொடி மாறிவிட்டது, உடுப்பின் நிறமே மூன்று தரம் மாறிவிட்டது. பட்டாளம் மட்டும் அதே பட்டாளம். அது ஜெயித்த சண்டைகளை விட அது பட்ட பட்டினிதான் அதற்குப் பெரிய கதை. ஆரம்ப காலத்தில் ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு நாற்பது நாள் கிடந்திருக்கிறது. குதிரையைத் தின்று, பிறகு குதிரையின் தோல் வாரை வேகவைத்துத் தின்று உயிரைப் பிடித்திருந்தார்கள், மதில் மேல் நின்ற காவல்காரர்களை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் மதில் மேல் ஏறிப் பார்த்தால் பதினோரு பேரும் நின்ற இடத்திலேயே சுருண்டு கிடந்தார்களாம். அவர்கள் மேல் ஒரு குண்டுக் காயம் கூட இல்லை.

அன்றைக்குப் பட்டாளத்தின் தளபதி ஒரு சட்டம் போட்டார். இனி சோறு முதலில் போவது கடைக்கோடிக் காவலுக்கு. தளபதி சாப்பிடுவது எல்லாருக்கும் கடைசியில். அதிலிருந்துதான் எங்க ஆளு குண்டு பட்டுச் சாவான், பசிச்சுச் சாகமாட்டான் என்கிற பேச்சு வந்தது. புதிதாகச் சேருகிறவனுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

இன்னொரு வழக்கமும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆனாலும் சோறு போய்ச் சேரும் என்பதால், முன்காவலுக்குப் போகும் உத்தரவுச் சீட்டையும் தூக்குவாளியிலேயே அனுப்பிவிடுவார்கள். மூடியின் உள்பக்கம் ஒரு தகரக் கவ்வி இருக்கும். அதில் சீட்டைச் செருகிவிட்டால் சரி. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கிடையாது. தூக்குவாளி காலியாகத் திரும்பி வந்தால் சோறும் சேர்ந்தது, உத்தரவும் சேர்ந்தது என்று கணக்கு. இருநூறு வருசமாக யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

புத்தக மேஜர் நல்ல மனுசர். பட்டாளத்தின் சரித்திரத்தை எழுதச் சொல்லி அவரை ஒரு பழைய காகித அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சண்டை பார்க்காத மேஜர் என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். போன மாதம் முதல் தடவை வந்தபோது இதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தரம் பருப்பு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நோட்டை விரித்து நாற்பத்திரண்டு வருசத்துக்கு முந்திய ஒரு சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டார். கம்பெனி ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கிய நாளின் சாயங்காலம். குண்டு மழைக்கு நடுவே கடைசிப் பாறைக்குச் சோறு கொண்டுபோன சமையல்காரர் நீங்கதானே ஐயா என்று கேட்டபோது, கரண்டியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டார். தன்னடக்கம் என்று மேஜர் எழுதிக்கொண்டார்.

கம்பெனியின் கடைக்கோடிக் காவலான கடைசிப் பாறையில் அன்றைக்கு இருந்தவன் ஒரே ஒருத்தன். கூட இருக்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். தனியாக இருந்தவனைக் கம்பெனியில் குச்சி என்பார்கள். மூன்று ஆள் சோறு தின்பான், உடம்பில் ஒட்டாது. தின்னதையெல்லாம் எங்கடா ஒளிச்சு வைக்கிற என்று கரண்டி கேட்பார். ஊர்ல தங்கச்சிக்கு பார்சல் அனுப்பிடுறேன் அண்ணே என்பான். சிரிக்கிறபோது காது வரைக்கும் சிரிப்பான். அந்தத் தங்கச்சிதான் வீட்டம்மா.

கம்பெனி அன்று ராத்திரியே ஆற்றைத் தாண்டியது. குச்சி வரவில்லை. தூக்குவாளி காலியாகத் திரும்பியிருந்தது, ஆகவே பின்வாங்கச் சொன்ன உத்தரவு கிடைத்திருக்கிறது, கிடைத்தும் வரவில்லை என்றால் எதிரிப் பக்கம் ஓடிவிட்டான். கேப்டன் அப்படியே நாள்குறிப்பில் எழுதினார். பாறையும் அதைச் சுற்றின மண்ணும் அதன்பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. உடலைத் தேடப் போக யாரும் இல்லை.

குச்சியின் சட்டையையும் சீப்பையும் ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கரண்டியைத்தான் அனுப்பினார்கள். அந்த வீட்டில் அப்பா தலை நிமிரவில்லை. அம்மா சட்டையைக் கையால் தொடவில்லை. ஓடிப்போனவன் வீடு என்று பால்காரன் கூட அந்தத் தெருவில் சைக்கிளை நிறுத்தாமல் போனான். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கடைசியா எங்க அண்ணன் சாப்பிட்டானா?

சாப்பிட்டான் என்றார் கரண்டி. என் கையாலதான் கொண்டுபோய்க் குடுத்தேன் என்றும் சேர்த்துச் சொன்னார். சேர்த்துச் சொன்னதைத்தான் அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இரண்டு வருசம் கழித்து அவளைத் தானே போய்ப் பெண் கேட்டார். அவளுக்கு வேறு எவனும் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் கேட்டார். மனுசன்னா இவன் மனுசன் என்று ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவளும் அதையே நம்பினாள். எப்போதாவது சண்டை வந்தால், ஒரு வார்த்தை தடித்தால், உடனே அடங்கிவிடுவாள். ஓடிப்போனவன் தங்கச்சின்னு தெரிஞ்சே கட்டிக்கிட்டவரை நான் ஏன் பேசணும் என்பாள். அண்ணன் நினைப்பு வரும்போதெல்லாம், போனதுதான் போனான், உங்க கைச் சோத்தை வயிறார தின்னுட்டுப் போனான், அதுவரைக்கும் எனக்கு நிம்மதி என்பாள். கரண்டியாருக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கும். நாற்பது வருசம் ஓடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்ததுதான் அவர் செய்த ஒரே தைரியம், அதையும் தைரியம் என்று சொல்ல அவருக்கே வாய் வராது.

அவர்களுடைய ஒரே மகன் பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டாளத்தில் சேருகிறேன் என்றான். உன் மாமன் பண்ணிட்டுப் போனதுக்கு உன் மூஞ்சியில காறித் துப்புவாங்கடா என்று அவள்தான் தடுத்தாள். கரண்டியார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் கேட்கவில்லை. மகன் இப்போது தூரத்து ஊரில் பஸ் ஓட்டுகிறான்.

மேஜர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து பெஞ்சுகளைத் துடைத்துக் கவிழ்த்திருந்தார்கள். வெளியே தூறல் விட்டு விட்டுப் பெய்தது. மேஜரின் ஒரு கையில் அச்சடித்த தாள் கட்டு, மறு கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. துணியை அவிழ்த்ததும் கரண்டியாருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே தூக்குவாளி. விளிம்பில் இருந்த நெளிவு கூட அப்படியே இருந்தது. பட்டாளத்துச் சாமான் அறையில் கிடந்ததாம், இனிமேல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். அதைக் கையில் பிடித்தபடி கரண்டியாரை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் மேஜர்.

முதலில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். பட்டாளம் இருநூறு வருசம் காப்பாற்றிய வார்த்தையை அந்தச் சாயங்காலம் ஒரு எளிய சமையல்காரர் தன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் குச்சியின் முழுப் பேர், ஊர்ப் பேர், அப்பா பேர். உணவும் உத்தரவும் கிடைத்தும் காவலை விட்டு ஓடியவர்.

வீட்டம்மா யாருடைய தங்கச்சி என்று போன தடவையே தெரிந்துகொண்டிருந்த மேஜர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, எனக்கே சங்கடமா இருக்கும்மா, காகிதத்தில் இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும் என்றார்.

வீட்டம்மா நல்லதாக ஒரு புடவை கட்டி, தலையை வாரி, காலையிலிருந்து இதற்காகவே தயாராக இருந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று பத்து தரம் தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அது கரண்டியாருக்கும் தெரியும்.

"சார், நடந்தது நடந்ததுதான். இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா புத்தகம்னா காலத்துக்கும் நிக்குமாமே. அவன் பேரையும் எங்க அப்பா பேரையும் மட்டும் எடுத்துடுங்க. ஒரு சிப்பாய்னு போட்டா போதும். இவர் உங்க பட்டாளத்துக்கு உழைச்ச உழைப்புக்கு எனக்கு இது ஒண்ணு பண்ணுங்க."

மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பேரை அடித்துவிட்டு, ஒரு சிப்பாய் என்று மேலே எழுதினார். அவள் இரண்டு கையையும் கூப்பினாள். அவ்வளவுதான், காரியம் சுபமாக முடிந்துவிட்டது. கரண்டியார் வாயைத் திறக்கவே வேண்டாம். படத்துக்கு நின்றுவிட்டு ஒரு டீயைப் போட்டுக் கொடுத்து மேஜரை அனுப்பிவிட்டால், சாகிற வரைக்கும் கரண்டியாரை ஒருத்தரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அப்போதுதான் வீட்டம்மா தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். விளிம்பைத் துடைத்தாள், கைப்பிடியைத் துடைத்தாள், மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் துடைத்தாள். எங்க அண்ணன் கடைசியா கை வெச்ச பாத்திரம் சார் இது என்று மேஜரிடம் சொல்லி, மூடியை அணைத்துப் பிடித்தாள்.

"வெச்சிடு அதை," என்றார் கரண்டியார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் குரல் அவருக்கே வேற்றாள் குரல் மாதிரி இருந்தது.

"அதை அவன் தொடலை. நான் கொண்டுபோய்க் குடுக்கலை."

மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். கரண்டியார் அவரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கவிழ்த்த பெஞ்சின் காலைப் பார்த்தபடியே சொன்னார். பாறைக்கு முன்னால் ஒரு வாய்க்கால். அதுவரைக்கும் மறைவு இருந்தது, அதற்குப் பிறகு வெறும் தரை. குண்டு விழுந்த வேகத்தில் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தவர்தான், எழுந்திருக்கக் கால் வரவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். பாறைக்குப் பின்னாலிருந்து குச்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்குவாளியைப் பார்த்துவிட்டுக் கையை உயரத் தூக்கி ஆட்டினான்.

"சிரிச்சான் சார். சோறு வந்துடுச்சுன்னு சிரிச்சான். நான் அங்கேயே படுத்துக்கிட்டேன். இருட்டுற வரைக்கும் கிடந்தேன். அப்புறம் சோத்தை வாய்க்கால்ல கொட்டிட்டேன். பாத்திரத்தைக் கழுவினேன். சீட்டை மென்னு முழுங்கிட்டேன். கேப்டன் மூடியைத் திறந்து பார்த்துட்டு, சபாஷ்டா கரண்டின்னு முதுகுல தட்டினாரு. எல்லாரும் கிளம்புறதைப் பார்த்து அவனும் வந்துடுவான்னு நினைச்சேன். இல்லை, அப்படி நினைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சத்தியமா வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை."

தூறல் வலுத்துக் கூரைத் தகரத்தில் கொட்டியது. இருநூறு வருசப் பேச்சு மேஜர் எதிரில் ஒரு தகரப் பாத்திரமாகக் கிடந்தது. ஐயா, இதை நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்க படம் வராது, உங்க பேரே வேற மாதிரி வரும், யோசிச்சுச் சொல்லுங்க என்று அவர் மெதுவாகச் சொன்னார். கரண்டியார் சரி என்று தலையை ஆட்டினார்.

மூடி இன்னும் வீட்டம்மா நெஞ்சோடுதான் இருந்தது. கத்துவாள், அடிப்பாள், தலையில் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நாற்பது வருசமாக அவர் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப எங்க அண்ணன் சாப்பிடலையா?"

முதல் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே குரல். கரண்டியாருக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கேள்விக்கு அன்றைக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தால் என்ன, செத்தா போயிருப்பார்?

"சாப்பிடலை," என்றார்.

"காலையில?"

"முதநாள் சாயங்காலம் சாப்பிட்டது. அன்னைக்குக் காலையில சோறு போகலை, குண்டு விழுந்துக்கிட்டே இருந்தது."

அவள் மூடியை மெல்லத் தூக்குவாளி மேல் வைத்தாள். மேஜர் பக்கம் திரும்பினாள். குரல் உடையவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

"அடிச்ச பேரை மறுபடியும் எழுதுங்க சார். எங்க அப்பா பேரையும் எழுதுங்க. ஓடலைன்னு எழுதுங்க. சொன்ன இடத்துலயே பசியோட உக்காந்திருந்தான்னு எழுதுங்க. இந்தப் பட்டாளத்துல ஒருத்தன் பசிச்சுச் செத்தான், அவன் என் அண்ணன்னு எழுதுங்க."

மேஜர் எழுதினார். கரண்டியார் கடைசியில் கையெழுத்துப் போட்டார். நாலெழுத்துப் பேர், அதைப் போட அவ்வளவு நேரம் ஆனது. இது மேலிடத்துக்குப் போய், நாள்குறிப்பையே திருத்த வேண்டியிருக்கும், ஆனால் திருத்தாமல் நான் விடமாட்டேன் அம்மா என்று மேஜர் அவளிடம் மட்டும் சொன்னார். தூக்குவாளியைத் துணியில் சுற்றினார். டீ குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிரைவர்கள் ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். கரண்டியார் பழக்கத்தில் எழுந்து உலையை ஏற்றினார். அரிசியைக் களைந்தார். கை தானாக வேலை செய்தது. பின்னால் அவள் நின்றது அவருக்குக் காலடிச் சத்தத்திலிருந்தே தெரிந்தது.

"ஏங்க, வாய்க்காலுக்கும் பாறைக்கும் எவ்வளவு தூரம்?"

இதை யாருமே அவரைக் கேட்டதில்லை. அவர் அதை எத்தனை தரம் அளந்திருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும், எந்தத் தெருவில் நின்றாலும், கண் தானாக அந்தத் தூரத்தைத் தேடும்.

"நம்ம வாசல்லேர்ந்து ரொட்டிக்கடை விளக்குக் கம்பம் வரைக்கும்," என்றார்.

அவள் செருப்புக் கூடப் போடாமல் வாசலில் இறங்கினாள். கரண்டியார் களைந்த அரிசிப் பாத்திரத்தோடு பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். அவள் தெருவோரமாக, வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல், தினமும் ரொட்டி வாங்கப் போகிற மாதிரியே நடந்தாள். சலவைக்கடைக்காரர் ஏதோ கேட்டார், பதில் சொல்லாமல் தாண்டினாள். எழுபது எட்டு இருக்கும், எண்பதுகூட இருக்காது. கம்பத்துக்கு அடியில் போய் நின்று திரும்பினாள்.

தூறலிலும் அவள் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது. அவளுக்கும் அவர் முகம் அப்படியே தெரிந்திருக்கும். அவள் கையைத் தூக்கவில்லை. அவரையும் தங்களுக்கு நடுவில் கிடந்த அந்தத் துண்டுத் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. கரண்டியார் அரிசிப் பாத்திரத்தைப் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றார். அப்போதும் அவருக்கு இறங்கி நடக்கக் கால் வரவில்லை.